வாசிக்காமல் போட்ட கையெழுத்து

பெல்ஃபோர் கவுண்டி என்ற மாவட்டத்தில் யாராவது ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வக்கீல் அம்ப்ரோஸ் கில்யார்டிடம் போவதாக இருந்தால், மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். ஒரு பக்க உயில் ஆனாலும் சரி, ஒன்பது பக்கக் குத்தகை ஆனாலும் சரி, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை அவர் உரக்க வாசிப்பார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார்.

"இப்ப நீங்க சொல்லுங்க. இதுல என்ன எழுதியிருக்கு?"

சரியாகச் சொன்னால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுப்பார். தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் பக்கம். பேனா அதுவரை பையை விட்டு வெளியே வராது.

அவர் அலுவலகத்துக்கு அடுத்த கதவு முடிதிருத்தும் கடை. அங்கே ஒரு கதை ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவன் விவாகரத்துக்கு எழுதிக் கொடுக்க மனைவியோடு போனானாம். கில்யார்ட் வாசித்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் பசி வந்து, கொண்டுபோன சோளரொட்டியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டு, சமாதானமாகி வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அந்த ஆள் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கதை மட்டும் முப்பது வருடம் ஓடியது.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1946இல் அவருக்கு ஒன்பது வயது. அப்பா இறந்து ஒரு வருடம். அம்மா லூவீனியாவுக்குப் பதினோரு ஏக்கர் பைன் மரம் மிச்சம். க்ளைட் ஸ்மூட் என்ற மரவியாபாரி வாசலில் நின்று ஒரு தாளை வாசித்துக் காட்டினார்: இருபது மரம் வெட்டிக்கொள்ள அனுமதி. லூவீனியா ஒரு பெருக்கல் குறி போட்டாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து அதுதான். மூன்று வாரத்தில் பதினோரு ஏக்கரும் மொட்டை. தாளில் இருந்தது "எல்லா மரமும்". அந்த ஆகஸ்டில் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. தகரக் கூரை காய்ந்தது, நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. துணி வேகவைக்கும் இரும்புப் பானையை அவள் சாலைக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் மரத்தடிக்கு நகர்த்திக்கொண்டாள்.

"ஏம்மா போட்ட?" என்று பையன் கேட்டதற்கு, "அந்த ஆளு குரலு நல்லா இருந்துச்சுடா" என்றாள்.

அம்ப்ரோஸ் படித்தார். சவானாவில் கல்லூரி, ராணுவத்தில் இரண்டு வருடம், வாஷிங்டனில் சட்டம். 1965இல் கவுண்டியின் தலைமை ஊரான கோராவுக்கே திரும்பிவந்து பலகை மாட்டினார். அந்த ஊரில் முதல் கறுப்பு வக்கீல். நீதிமன்றத்தில் மற்ற வக்கீல்களை நீதிபதி "மிஸ்டர்" போட்டுக் கூப்பிடுவார், இவரை வெறும் "அம்ப்ரோஸ்". ஒவ்வொரு முறையும் இவர் எழுந்து, "ஆமாங்க ஐயா, வக்கீல் கில்யார்ட் இங்கதான் இருக்கேன்" என்பார். குரலை உயர்த்தமாட்டார், முறைக்கமாட்டார். ஆறு வருடம் இப்படியே. ஏழாவது வருடம் நீதிபதிக்கே அலுத்துப்போய், "வக்கீல் கில்யார்ட்" என்று ஆரம்பித்துவிட்டார். இவர் அதை வெற்றி என்று சொல்லிக்கொள்ளவில்லை. "அவருக்கு நேரம் மிச்சம், எனக்கும் மிச்சம்" என்றார்.

1976இல் மாநிலச் சட்டசபைக்கு ஜெயித்தார். ஜனவரியில் மாநிலத் தலைநகரான அட்லாண்டாவுக்குப் போனதும் அங்கேயும் தன் வழக்கத்தை ஆரம்பித்தார். ஒரு கவுண்டிக்கு மட்டும் பொருந்தும் மசோதா என்றால், அந்த வட்டாரத்து உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால் போதும், சபை விவாதம் இல்லாமல் நிறைவேற்றிவிடும். அது அங்கே பழைய மரியாதை. கில்யார்ட் அப்படி ஒரு தாளை வாங்கி ஜன்னலோரம் நின்று வாசித்துக்கொண்டிருந்தபோது, அதைக் கொடுத்த உறுப்பினர் முகம் சிவந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

நகரத்துத் தொகுதியைச் சேர்ந்த ஹைரம் டோல்ஸ் என்ற மூத்த உறுப்பினர் அவரைத் தனியே இழுத்துப் போனார்.

"தம்பி, என்ன பண்ற நீ?"

"வாசிக்கிறேன்."

"வாசிக்கிறியா! ஒருத்தர் வீட்டுக்கு விருந்துக்குப் போற. கோழிய எடுத்து வைக்கிறாங்க. நீ மோந்து பாத்துட்டுத்தான் திம்பியா?"

"கெட்டுப்போன கோழின்னா?"

"கெட்டுப்போச்சுன்னா வயித்து வலி அவங்களுக்கும்தான் வரும். அது அவங்க ஊரு. உன் ஊருக்குப் பாலம் வேணும்னு நீ ஒரு நாள் தாள் நீட்டுவல்ல, அன்னிக்கி ஒவ்வொருத்தனும் மூக்கால மோந்தா பாலம் வருமா?"

அது நியாயமாகத்தான் பட்டது. கில்யார்ட் கோழியை மோந்து பார்ப்பதை நிறுத்தினார். பாலம் வந்தது. கவுண்டிக்கு ஒரு சுகாதார நிலையம் வந்தது. அவருடைய அம்மா துணிப்பானையை நகர்த்திய அந்த மண்சாலைக்குத் தார் வந்தது, அவள் இறந்து நான்கு வருடம் கழித்து. வருடத்தில் நாற்பது வேலைநாள் சபை, மற்ற நாளெல்லாம் கோராவில் வக்கீல் வேலை. கோராவில் பேனா பையில் இருக்கும். அட்லாண்டாவில் கையிலேயே இருக்கும். இப்படிப் பதின்மூன்று வருடம்.

1990 ஜனவரியில் கவுண்டி நிர்வாகக் குழுத் தலைவர் டக்ளஸ் ஹெம்பி ஒரு மசோதா கொண்டுவந்தார். மருத்துவமனை வாரியத்தை மாற்றி அமைப்பது பற்றி, பதினொரு பக்கம். அதே வட்டாரத்தின் மாநில மேல்சபை உறுப்பினர், செனட்டர் பாஸ்கம் ட்ரெடவே, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். கில்யார்ட் தாழ்வாரத்துத் தூண்மேல் தாளை வைத்துத் தானும் போட்டார். அன்று அவருக்கு அவசரம் எதுவும் இல்லை. மனைவி எர்னஸ்டினுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தார். காரணம் தேடினால் கிடைக்காது. பழக்கம், அவ்வளவுதான்.

பிப்ரவரி கடைசியில், சபைக்கு விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை, ஓடெஸ்ஸா ரஃபின் அவருடைய கோரா அலுவலகத்துக்குள் நுழைந்தாள். கவுண்டியின் முதியோர் இல்லத்தில் பகல் வேலைக்குத் தலைமைப் பணிப்பெண். சீருடையோடு, வெள்ளைச் செருப்போடு, உட்காராமல் நின்றாள்.

வக்கீலிடம் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கும் டெஸ்ஸி போல்டன் தட்டச்சை நிறுத்தினாள். "என்ன ஓடெஸ்ஸா, கால் வலிக்கலியா? உக்காரு."

"உக்காந்தா கோவம் எறங்கிடும், மிஸ் டெஸ்ஸி. நான் அதுக்கு வரல." ஒரு தாளை மேசைமேல் போட்டாள். "வக்கீலய்யா, இது உங்க கையெழுத்துதானே?"

அவர் பார்த்தார். "ஆமா. கவர்னரும் போட்டாச்சு. சட்டமே ஆயிடுச்சு. மருத்துவமனை வாரியம்."

"ஏழாம் பக்கம் வாசிங்க."

அவர் வாசித்தார். உரக்க ஆரம்பித்து நான்காவது வரியில் குரல் தானாகத் தணிந்தது. புதிய வாரியம் முதியோர் இல்லத்தை, பொதுமக்கள் வாக்கெடுப்பு இல்லாமல், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஜூலை முதல் தேதியிலிருந்து.

"வாங்கறவங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க," என்றாள் ஓடெஸ்ஸா. "வேற மாநிலத்துக் கம்பெனி. அவங்களுக்குக் கட்டடம் வேண்டாம். நாப்பத்துநாலு படுக்கைக்கு இருக்கிற உரிமம் போதுமாம். அத அட்லாண்டா பக்கம் கொண்டுபோவாங்க. எங்க ஆளுங்கள தொண்ணூறு மைல் தள்ளி எங்கெங்கயோ போடுவாங்க." ஏழாம் பக்கத்தைத் தட்டிக் காட்டி, "உங்க அம்மா பைன் மரத்த எப்படித் தொலைச்சாங்கன்னு எங்க அம்மா கதை கதையா சொல்லும். அதுக்காவது ஒரு சாக்கு இருந்துச்சு. அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது" என்றாள்.

டெஸ்ஸி, "ஏய், பாத்துப் பேசு," என்றாள். ஆனால் அழுத்தமாகச் சொல்லவில்லை.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "வாங்க, இல்லத்துக்குப் போவோம்."

பதின்மூன்று வருடத்தில் அவர் அங்கே ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் போயிருக்கிறார். அப்போது எல்லோருக்கும் சட்டை மாட்டி முடி சீவி முன்கூடத்தில் உட்காரவைத்திருப்பார்கள். இப்போது ஓடெஸ்ஸா அவரைப் பின்கூடம் வழியாக அழைத்துப்போனாள். கூரை ஒழுகிய இடத்தில் வாளி இருந்தது. மூத்திர நெடி இல்லை. நெடி இல்லாத சுத்தம் சும்மா வருவதில்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு உடம்பையும் புரட்டிப் போடும் கைகள் இருந்தால்தான் வரும். நாற்பத்துநாலு பேரில் ஒருவருக்கும் படுக்கைப்புண் இல்லை என்று அவள் சொன்னாள். வாளியைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

"இவங்கள எடம் மாத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"பாதிப் பேரு கிறிஸ்துமஸ் பாக்க மாட்டாங்க. புது எடத்துல திங்க மாட்டாங்க, குடிக்க மாட்டாங்க, கக்கூசுக்குப் போற வழி தெரியாம விழுவாங்க. இடுப்பு ஒடையும். அப்புறம் நிமோனியா. நான் பாத்திருக்கேன்."

பத்தொன்பதாம் படுக்கையில் எலும்பும் தோலுமாக ஒரு வெள்ளைக்காரக் கிழவர். கண்ணில் புரை. காலடிச் சத்தம் கேட்டதும், "டேய் பையா, கொஞ்சம் தண்ணி கொடு" என்றார். குரல் மட்டும் வயதாகாமல், தேன் தடவியதுபோல் இருந்தது. அம்மாவுக்குத் தாள் வாசித்துக் காட்டிய அந்தக் குரல். கில்யார்ட் நின்றுவிட்டார். கட்டில் காலில் ஒட்டியிருந்த பெயரைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"மிஸ்டர் ஸ்மூட், அவரு பையன் இல்ல. வக்கீல் கில்யார்ட்," என்றாள் ஓடெஸ்ஸா.

"யாரா இருந்தா என்ன, தாகமா இருக்கு."

கில்யார்ட் குவளையை எடுத்தார்.

"அப்படி இல்ல. தலைய முன்னால தூக்கிப் பிடிங்க. மல்லாக்க ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும்," என்றாள் அவள். அவர் தூக்கிப் பிடித்தார். கிழவர் அரைக் குவளை குடித்தார். நன்றி சொல்லவில்லை. வெளியே வந்ததும் கில்யார்ட் காரில் சாய்ந்து நின்று, தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் சரி பண்றேன்" என்றார்.

"எப்படி?"

"தெரியல. ஆனா பண்ணுவேன்."

"சரி," என்றாள் ஓடெஸ்ஸா. "எனக்குச் சாப்பாட்டு வேளை முடியப் போகுது." உள்ளே போய்விட்டாள்.

அவர் முதலில் ஹெம்பியிடம் போனார். ஹெம்பி கெட்டவர் இல்லை. ஓட்டைக் கூரைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஆள்.

"மறைச்சு வச்சீங்களே, டக்ளஸ்."

"நான் எங்க மறைச்சேன்? ஏழாம் பக்கத்துல இருக்கு. ஊர்ப் பத்திரிகையில அறிவிப்பு போட்டேன். உங்க கையில நானே கொடுத்தேன். நீங்க வாசிப்பீங்கன்னு பயந்துக்கிட்டே கொடுத்தேன், தெரியுமா? கில்யார்ட் ஆச்சே, கேள்வி கேட்டுக் கொன்னுடுவாருன்னு. நீங்க தூணு மேல வச்சுப் போட்டுட்டுப் போயிட்டீங்க."

கில்யார்ட் தன் அலுவலகத்துக்குத் திரும்பினார்.

மாற்ற ஒரே வழிதான் உண்டு. முந்தைய சட்டத்தை ரத்து செய்ய ஒரு புது உள்ளூர் மசோதா. அதற்கு ஊர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும், அவருடைய கையெழுத்தும் செனட்டர் ட்ரெடவேயின் கையெழுத்தும் வேண்டும். சபைக்கு இன்னும் ஒன்பது வேலைநாள்தான் பாக்கி. செனட்டரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"முடியாது, அம்ப்ரோஸ்," என்றார் செனட்டர். "போன மாசம் நான் போட்ட கையெழுத்த இந்த மாசம் நானே அழிச்சா, ஊர்ல என்ன சொல்வாங்க? ஒண்ணு நான் முட்டாள், இல்ல வாசிக்கலன்னு சொல்வாங்க."

"வாசிச்சீங்களா?"

மறுமுனையில் ஒரு இருமல். "அது வேற விஷயம்."

டெஸ்ஸி வேகவைத்த கடலைப் பையை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நீங்க கையெழுத்துப் போட்டப்போ அந்தப் பக்கம் இல்லன்னு சொல்லிடுங்க. அப்புறமா செருகிட்டாங்கன்னு. யாரு நம்பமாட்டாங்க? ஹெம்பி வெள்ளைக்காரன், நீங்க லூவீனியா மகன். சர்ச்சுல ஒருத்தர்கூடக் கேள்வி கேக்கமாட்டாங்க."

"செருகலியே, மிஸ் டெஸ்ஸி."

"எனக்குத் தெரியும். ஜூலையில தேர்தல் இருக்கு. அதுவும் எனக்குத் தெரியும். அந்த வீடு விக்கற ஃபெல்டர் பய ஏற்கெனவே உங்க இடத்துக்குக் கைக்குட்டை போட்டு வச்சிருக்கான்."

அவர் கடலை உரித்தார். நான்கைந்து தின்றபிறகு பேசினார். அவர் சொன்னதில் புனிதம் எதுவும் இல்லை. தொழில் தெரிந்த ஆளின் யோசனைதான். ஹெம்பியைப் பொய்யன் என்றால், செனட்டர் ஹெம்பி பக்கம் நின்றாக வேண்டும். அப்புறம் கையெழுத்து வராது, கோடையில் இல்லம் போய்விடும். பழி முழுவதும் ஒரே ஆள் தலையில் விழுந்தால் மட்டும்தான் மற்றவர்கள் முகம் கெடாமல் இறங்கிவர முடியும்.

"பொய் சொன்னா எனக்கு ஓட்டு கெடைக்கும், இல்லம் கெடைக்காது," என்றார். "தாள் எடுங்க. அறிவிப்பு எழுதணும்."

அந்த அறிவிப்புகளுக்கு ஒரு பழைய அச்சு உண்டு. ஐந்து வரி, பொடி எழுத்து, கடைசிப் பக்கம், யாரும் படிக்கமாட்டார்கள். கில்யார்ட் அந்த ஐந்து வரியையும் அப்படியே எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தார்: "முந்தைய சட்டத்தில் நான் வாசிக்காமல் கையெழுத்திட்டேன். அதனால் நம் முதியோர் இல்லம் விற்கப்பட இருக்கிறது. அம்ப்ரோஸ் கில்யார்ட்."

பத்திரிகை நடத்தும் விதவை மிஸ் கோர்டீலியா நாட் அதை இரண்டு முறை பார்த்தாள். "இந்தக் கடைசி வரி சட்டத்துக்குத் தேவையில்லையே, வக்கீல்."

"எனக்குத் தேவை. கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க."

"எவ்வளவு பெரிசா?"

"சாவு அறிவிப்பு அளவு. அதத்தான் எல்லாரும் படிக்கிறாங்க."

புதன்கிழமை பத்திரிகை வந்தது. மத்தியானத்துக்குள் கவுண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. முடிதிருத்தும் கடையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் யாரோ, "கத்திய வைக்கறதுக்கு முன்னால அவருக்கு விலைப்பட்டியல வாசிச்சுக் காட்டுப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் கன்னத்தில் சோப்பு இருந்ததால் வாய் திறக்கவில்லை. எர்னஸ்டின் காலை ஜெபக்கூட்டத்தில் என்னென்ன பேச்சு கேட்டாளோ, வீட்டில் சொல்லவில்லை. கெளுத்தி மீன் பொரித்துத் தட்டில் வைத்து, "தின்னு, கில்யார்ட். நாளைக்குத் திட்டு வாங்கத் தெம்பு வேணும்" என்றாள்.

ஆனால் திட்டோடு வேறொன்றும் நடந்தது. நாற்பத்துநாலு படுக்கை என்றால் நாற்பத்துநாலு குடும்பம், கறுப்பும் வெள்ளையும். அவர்கள் கில்யார்டைத் திட்டி முடித்ததும் தொலைபேசியைக் கீழே வைக்காமல் செனட்டரைக் கூப்பிட்டார்கள். செனட்டர் மனைவியின் ஞாயிறு வகுப்பில் மட்டும் ஆறு பேருக்கு இல்லத்தில் ஆள் இருந்தது. அவர்கள் செனட்டரைக் குற்றம் சொல்லவில்லை. "கில்யார்டே ஒத்துக்கிட்டாரு. நீங்க அவரு தப்பத் திருத்துங்க, செனட்டர்" என்றார்கள். திருத்துவது யாருக்கும் கௌரவம்தான்.

சபையின் முப்பத்தாறாவது வேலைநாளில் செனட்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கில்யார்ட் சபை அலுவலகத்தில் தட்டச்சாகி வந்த மசோதாவோடு போனார். செனட்டர் வாங்கிக்கொண்டார். பேனாவை எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்தார்.

எதிரில் நிற்கும் உறுப்பினரின் உள்ளூர் மசோதாவை அவர் முகத்துக்கு நேரே வாசிப்பது! அந்தக் கட்டடத்தில் அதைவிடப் பெரிய அவமதிப்பு கிடையாது. வாசலில் நின்றுகொண்டிருந்த செனட்டரின் உதவியாளர் மெதுவாகப் பின்வாங்கினார்.

"உக்காருங்க, அம்ப்ரோஸ். நேரம் ஆகும்."

"நிக்கிறேன், செனட்டர். பழகிடுச்சு."

மூன்று பக்க மசோதா. செனட்டர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். வேண்டுமென்றே உதட்டை அசைத்து வாசித்தார். நடுவில் காபி வரவழைத்தார், ஒரே ஒரு கோப்பை. கில்யார்ட் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த வாத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளூர அவருக்கு இது பிடித்திருந்தது என்பதைச் செனட்டரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது.

"பழைய சட்டப்படி விக்கிற அதிகாரம் எப்ப வருது?"

"ஜூலை ஒண்ணு."

"இந்த ரத்து எப்ப அமலுக்கு வருது?"

"மே ஒண்ணு. அதுக்கு முன்னாலயே."

"அப்படியா? இங்க ஆகஸ்ட் ஒண்ணுன்னு இருக்கே. நடுவுல முழுசா ஒரு மாசம். அதுக்குள்ள உங்க கம்பெனிக்காரன் வாங்கிட்டு, உரிமத்தத் தூக்கிட்டு ஊரப் பாக்கப் போயிருப்பான்."

கில்யார்ட் சுவரை விட்டு வந்தார். பார்த்தார். ஆகஸ்டுதான்.

"நான் மே ஒண்ணுன்னுதான் எழுதிக் கொடுத்தேன். மூணு தரம் வாசிச்சேன்."

"எழுதினத வாசிச்சீங்க. காலையில அடிச்சுக் கொடுத்த இந்தத் தாள வாசிச்சீங்களா?"

செனட்டர் கண்ணாடியைக் கீழே இறக்கி அவரைப் பார்த்தார். முதலில் செனட்டரின் தோள்தான் குலுங்கியது. அப்புறம் கில்யார்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கிழட்டு ஆண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்த சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. பக்கத்து அறையில் இருந்தவர்கள் யாருக்கோ வலிப்பு என்று நினைத்தார்களாம்.

"ஒரே கூட்டத்தொடர்ல ரெண்டாவது தரம்," என்றார் செனட்டர், மூச்சு வாங்கியபடி. "இது வெளிய தெரிஞ்சா உங்க அறிவிப்புல இன்னொரு வரி சேக்கணும்."

"தேவைப்பட்டா சேக்கிறேன்."

"வேண்டாம். என் பேரும் வந்துடும்." மாதத்தை அடித்துத் திருத்தி, பக்கத்தில் இரண்டு பேரும் சுருக்கக் கையெழுத்துப் போட்டு, கீழே முழுக் கையெழுத்தும் போட்டார்கள். செனட்டர் இன்னொரு கோப்பைக் காபி கொண்டுவரச் சொன்னார்.

சபையில் மசோதா எந்தப் பேச்சும் இல்லாமல் நிறைவேறியது. மற்ற இருபத்திரண்டு உள்ளூர் மசோதாக்களோடு சேர்த்து, ஒரே வாக்கெடுப்பு. ஒருவரும் வாசிக்கவில்லை. கில்யார்ட் தன் இடத்தில் உட்கார்ந்து மற்ற இருபத்திரண்டையும் வாசித்துக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பு முடிந்தபோது அவர் நான்காவதில்தான் இருந்தார். கம்பெனி வேறு ஊர் பார்த்துக்கொண்டது. அடுத்த வருடம் கவுண்டி வாக்கெடுப்பு வைத்து இல்லத்தின் கூரையைப் போட்டது. அதற்கு வீடு வீடாக ஏறி இறங்கியது ஹெம்பி.

ஜூலையில் மார்கஸ் ஃபெல்டர் அந்தப் பத்திரிகை அறிவிப்பையே பெரிதாக அச்சடித்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் செருகினான். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, மாற்ற வேண்டியிருக்கவில்லை. கில்யார்ட் நூற்று அறுபத்துமூன்று வாக்கில் தோற்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அலுவலகத்தைத் திறந்தார்.

"வீட்ல இருந்திருக்கலாமே," என்றாள் டெஸ்ஸி.

"எதுக்கு? பெஞ்சமின் குடும்பத்து உயில் இருக்கு. பதினாலு பக்கம்."

"அப்ப நான் சாப்பாடு எடுத்துட்டு வந்திருக்கணும்."

இரண்டு வருடத்தில் ஃபெல்டர் அலுத்துப்போனான், தொகுதியும் அவனிடம் அலுத்துப்போனது. 1992இல் கில்யார்டைத் திரும்ப அனுப்பினார்கள், இந்த முறை எழுநூறு வாக்குக்கு மேல். அட்லாண்டாவில் அவரிடம் யாராவது உள்ளூர் மசோதா நீட்டினால், அவர் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுப்பார். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவருடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள், காத்திருப்பவர்களுக்கு. ஹைரம் டோல்ஸ் அதில் உட்கார்ந்து, "கோழி எப்படி இருக்கு?" என்பார். "இன்னும் கோழிக் கால மட்டும்தான் மோந்திருக்கேன்" என்பார் இவர். எட்டு வருடத்தில் பதினேழு தப்பு பிடித்தார். ஒரு கவுண்டி தன் நீதிமன்றத்தையே தவறுதலாக ஒழிக்கப் பார்த்ததும் அதில் ஒன்று. 2000இல் தானாகவே விலகினார். வக்கீல் பலகையை மட்டும் கழற்றவில்லை.

எர்னஸ்டின் 2011இல் இறந்துபோனாள். 2019இல் எண்பத்திரண்டாவது வயதில், வீட்டுப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து நேரே கோரா முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள், நடை பழக. பத்தொன்பதாம் எண் காலியாக இருந்தது. ஜன்னல் பக்கம், நல்ல காற்று. அவர் எண்ணைப் பார்த்தார், மறுப்புச் சொல்லவில்லை.

சேர்க்கை வேலை பார்க்கும் நர்ஸ் வெர்லின் ஐம்பத்தைந்து வயதுக்காரி, அன்று இன்னும் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. காலைத் தட்டில் கிரிட்ஸ் என்ற சோளக் கஞ்சியும் முட்டையும் ஆவி பறந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு பக்கத் தாளை அவர் மடிமேல் வைத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, மிஸ்டர் கில்யார்ட்" என்றாள்.

அவர் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். பூதக்கண்ணாடி கேட்டார்.

"எல்லாரும் கடைசியிலதாங்க போடுவாங்க. கிரிட்ஸ் ஆறிடும்."

"ஆறட்டும். இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க சொல்லுங்க, போட்டுடறேன்."

வெர்லின் பதினாறு வருடமாக அந்தத் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அத வாசிச்சதில்லைங்க."

"தெரியும்மா," என்றார் அவர். "நாற்காலிய இழுத்துப் போடுங்க." பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பூதக்கண்ணாடியை முதல் வரிக்கு மேல் பிடித்து, உரக்க ஆரம்பித்தார்.